சாமிக்கு விட்ட நத்தை

எங்கள் பக்கம் சாமிக்குக் கிடா விடுவார்கள், சேவல் விடுவார்கள், வசதி இருந்தால் காளைக்கன்று விடுவார்கள். என் தம்பி வீடியோ கேமில் இருந்த நத்தையை விட்டான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில், காதுகுத்தில், ஏன், எங்கள் அப்பாவின் கருமாதியில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சொல்லப் போனால் அதிகமாகச் சொன்னவள் நான்தான். அந்த நத்தையில் எனக்கும் பாதிப் பங்கு இருந்தது.

குட்டி அரக்கர்களைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு அது. புல்லுக்குள் நடந்தால் விதவிதமான பிராணிகள் எதிரே வரும். அடித்துக் களைப்பாக்கி, பந்தை எறிந்து பிடித்து, வளர்த்துச் சண்டைக்கு விட வேண்டும். ஊருக்கு ஒரு வாத்தியார் இருப்பார். எல்லா ஊர் வாத்தியார்களையும் ஜெயித்தால் கடைசியில் நான்கு பேர், அவர்களுக்கு மேல் ஒருவன். அவனை ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. உலகத்தில் பாதிப் பிள்ளைகள் ஆடியது, இன்னும் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பது. எங்களுக்கு அது சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஒரு கை மெஷினும் ஒரு கேசட்டும்.

ஒரு கேசட்டில் ஒரு ஆட்டம்தான் பதிவாகும். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அதனால் ஒரு சட்டம் போட்டோம்: தோற்றால் மெஷின் கை மாற வேண்டும். ஜெயிக்கும் வரை ஜெயிக்கிறவன் கையில், தோற்ற நொடியில் அடுத்தவர் கையில். “என் முறை” என்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. பிடித்த பிராணிகளை உருப்படி என்போம், ஆட்டுக்காரர்கள் பட்டியை எண்ணுகிற மாதிரி. சாயங்காலம் ஆனால் உருப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவோம்.

விளையாட்டில் ஓரிடத்தில் இரண்டு கற்கள் கிடக்கும். ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்ததைத் தீவில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், என்றைக்கோ செத்துக் கல்லாகிப்போன பிராணிக்கு உயிர் கொடுத்துத் திருப்பித் தருவார்கள். ஒரு கல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இன்னொன்று சுருள். வேறு ஊர்ப் பிள்ளைகள் எதை எடுக்கலாம் என்று யோசித்திருப்பார்கள். நாங்கள் யோசிக்கவே இல்லை. அரியலூர்ப் பக்கம் மாமா ஊருக்கு லீவில் போனால், மழை கழுவிவிட்ட ஓடைக்கரையில் அந்தச் சுருள் கல்லைத்தான் பொறுக்கிக்கொண்டு வருவோம். அந்தப் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று மாமா சொல்லுவார். நத்தைக்கல் என்பது எங்கள் பெயர். எங்கள் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்ததும் ஒரு நத்தைக்கல்தான். அது விளையாட்டுக்குள் உயிரோடு வந்து கையைக் காலை ஆட்டியபோது தம்பி மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

அதே தீவில்தான் நெருப்புப் பிராணிகளை வளர்க்கும் வாத்தியார் இருந்தார். எங்கள் உருப்படிகளைக் கருக்கிக் கருக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். நத்தை தண்ணீர்ப் பிராணி. அதை ஒழுங்காக வளர்த்தால் அவரை அணைத்துவிடலாம் என்று எங்கள் கணக்கு. முறை போட்டு வளர்த்தோம். அந்த நேரம் பார்த்து எனக்கு டைபாய்டு வந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா என்னோடு இருந்தாள். அப்பா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைந்தார். தம்பி பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மெஷினோடு கிடந்தான்.

திரும்பி வந்தபோது என் கால் இரண்டும் குச்சியாகியிருந்தன. வந்ததும் மெஷினைத்தான் கேட்டேன். நெருப்பு வாத்தியார் கொடுக்கிற பதக்கம் இருந்தது. நத்தை இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடினேன்.

“நத்தை எங்கடா?”

“சாமிக்கு வுட்டுட்டேன்.”

“எந்தச் சாமிக்கு?”

“நம்ம சாமிக்குத்தான்.”

வேண்டாத பிராணியை விட்டுவிட அந்த விளையாட்டில் ஒரு வழி உண்டு. நிஜமாகவா என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று அழுத்தினால் பிராணி போய்விடும். அவ்வளவுதான், திரும்ப வராது. இன்னொரு நத்தைக்கல்லும் கிடைக்காது, ஒரு ஆட்டத்துக்கு ஒரு கல்தான். கோயிலுக்கு விட்ட கிடாவென்றால் ஊருக்குள்தான் திரியும். கண்டவர் வீட்டுக் கழனித் தொட்டியில் வாய் வைக்கும், போகிற வழியில் பார்க்கலாம். இது எங்கே திரியும்? காய்ச்சல் விட்ட உடம்போடு அவன் முதுகில் நாலு வைத்தேன். அவன் அழவில்லை, பதிலும் சொல்லவில்லை. வாத்தியாரை ஜெயிப்பதற்காக நேர்ந்துகொண்டு, ஜெயித்துக் கொடுத்ததையே கொண்டுபோய் விட்டிருக்கிறான் மடையன் என்று நான் முடிவு செய்தேன். ஊரும் அப்படியே வைத்துக்கொண்டது. நத்தை இல்லாமல் கடைசி நான்கு பேரிடம் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒருநாள் மெஷின் மாட்டுத்தொட்டித் தண்ணீரில் விழுந்தது. ஆட்டம் முடியாமலே முடிந்துபோனது.

நான் இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை உடைத்து, மாவாக்கி, வில்லையாக அழுத்தி, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது என் வேலை. சில நாள் வருகிற கல்லில் நத்தை தெரியும். விளையாட்டில் ஆய்வுக்கூடத்துக்குக் கல்லைக் கொண்டுபோனால் உயிர் வரும். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் மாவு வரும். கணவர் கத்தாரில் இருப்பதால் நான் வேப்பந்தட்டைப் பக்கம் அம்மா வீட்டிலேயே இருக்கிறேன். பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ். பாதி உயிர் பஸ்ஸிலேயே போய்விடும். மீதி உயிரில்தான் வேலை, சமையல், கோபம் எல்லாம்.

தம்பி லோடு வண்டி வைத்துச் சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் பைக்கில் வரும்போது குறுக்கே நாய் ஓடியது. நாய் பிழைத்தது. இவனுக்கு வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். அதோடு அவன் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க முடியாமல் இல்லை. டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி என்னிடம் சொன்னார், “எலும்பு சேந்துடுச்சும்மா. எங்க வேலை முடிஞ்சுது. இனிமே அவரு எந்திரிச்சு நடக்கணும். இப்படியே படுத்திருந்தாருன்னா முட்டி இறுகிடும். அப்புறம் நாங்க நெனச்சாலும் மடக்க முடியாது.”

நான் அதை அப்படியே அவனிடம் சொன்னேன். “நாளைக்குப் பாப்பம்க்கா” என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். அவரிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வாக்கர் மூலையில் நின்றது, அம்மா அதில் துண்டு காயப்போட்டாள். முதல் தடவை காலை ஊன்றும்போது அவனுக்கு வலி மட்டும் இல்லை, பயமும் வந்திருக்கிறது. வெங்காய மூட்டையைத் தூக்கி லாரிக்குள் எறிகிறவன், கால் நடுங்கியதும் யாரும் பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டான். பயந்ததைச் சொல்லவும் வெட்கம். அதற்குப் படுத்தே கிடந்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தான்.

எனக்கு இப்படிப்பட்ட முடிவுகளைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும். முதலில் திட்டினேன். பிறகு கெஞ்சினேன், கெஞ்சுவது எனக்கு வராது, அதுவும் திட்டு மாதிரியே இருந்தது. எங்கள் பழைய விளையாட்டில் போனில் ஆடுகிற வகை ஒன்று வந்திருப்பது ஞாபகம் வந்தது. நாம் தெருவில் நடந்தால்தான் பிராணிகள் தென்படும். அதை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நக்கலா?” என்றான். போன் தலையணைக்கு அடியில் போனது.

அன்றைக்குக் கணவரிடம் போனில் புலம்பும்போது நத்தைக் கதையும் வந்தது. அவருக்குத் தெரிந்த கதைதான், கல்யாணமான வாரமே சொல்லியிருந்தேன். “அந்தப் பழைய மெஷின் இங்க ஒருத்தர்கிட்ட இருக்குங்க அம்மணி, கேட்டுப் பாக்கவா?” என்றார். அவர் அப்படித்தான், கேலி செய்யும்போது மட்டும் மரியாதை கூடும். ஊருக்கு வந்த நண்பர் கையில் அது வந்து சேர்ந்தது. நாங்கள் ஆடிய அதே முதல் கதையைப் புது வண்ணத்தில் திரும்பப் போட்ட கேசட். மடக்கிவைக்கிற மெஷின். வயதான பேட்டரி, சார்ஜர் வயரைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிடும். சார்ஜர் முனையும் தனி ரகம், வீட்டில் இருக்கும் எந்த போன் சார்ஜரும் அதில் நுழையாது.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அங்கிருந்த பிளக்கில் மாட்டி, ஆட ஆரம்பித்தேன். அவனைக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஆடுகிறேன், எல்லாம் மறந்துபோயிருந்தது. தண்ணீர்ப் பிராணிக்கு எதிரே நெருப்பை விட்டேன். பந்து எல்லாவற்றையும் முதல் காட்டிலேயே எறிந்து தீர்த்தேன். எலிக்குட்டி மாதிரி ஒன்றிடம் தோற்றேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தவனின் முதுகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தோத்துட்டியா?” என்றான், திரும்பாமலே.

“ம்.”

“அப்பறம் என்ன? என் முறை. கொடு.”

இப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் அவன் படுத்தபடி ஆடினான். வந்தபின் நான் ஆடினேன். பேசாதிருந்த வீட்டில் பேச்சு வந்தது. சரியாகச் சொன்னால் சண்டை வந்தது, அது இன்னும் நல்லது. கற்கள் கிடக்கும் இடத்துக்கு வந்தபோது ஆட்டம் என் கையில் இருந்தது. “எதை எடுக்கட்டும்?” என்று கேட்டேன்.

“கேக்குறா பாரு” என்று அம்மாவிடம் சொன்னான். சுருள் கல்லை எடுத்தேன்.

ஆனால் அவன் இன்னும் படுத்துக்கொண்டுதான் இருந்தான். நான் அவனுக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, படுத்திருக்க இன்னும் வசதியாக ஒரு காரணம் கொடுத்திருந்தேன். முட்டி அதன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருந்தது. மடக்கிக் காட்டச் சொன்னால் போன வாரத்தைவிடக் குறைவாகத்தான் மடங்கியது.

அப்போதுதான் அம்மா ஒரு கிடாக்குட்டியோடு வந்தாள். அரும்பாவூர்ப் பக்கத்து உறவுக்காரர் வீட்டில் பிடித்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, தம்பிக்குத் தெரிகிற மாதிரி நின்று சொன்னாள், “எம் புள்ள எந்திரிச்சு நடந்துட்டான்னா இதக் கோயிலுக்கு வுட்டுடுறேன்னு நேந்துக்கிட்டேன்.”

தம்பிக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. “அவுத்து வுடும்மா அத! எவன் ஒன்னைய நேந்துக்கச் சொன்னான்?” என்று கத்தினான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு, நீ சொல்றியா? நெருப்பு வாத்தியார ஜெயிக்க நத்தைய நேந்துக்கிட்டவன்தானடா நீ?”

“வாத்தியாருக்கு எவன் நேந்துக்கிட்டான்?” என்றான். பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. “அவன ஜெயிச்சதே நத்தைதான். அதுக்கு எதுக்கு நேந்துக்கணும்? நீ பெரம்பலூர்ல கெடந்தப்ப அப்பா வந்து, அக்காவுக்கு ரொம்ப முடியலடா, சாமிய வேண்டிக்கன்னாரு. எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?”

அம்மா கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். “ஏன்டா சொல்லல?” என்றேன்.

“சொல்லிட்டா ஒனக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்துடும்னு நெனச்சேன். அப்பறம் எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சரி, சிரிக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

நான் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் மோட்டார் போர்டு இருக்கும் சுவரோடு நின்று அழுதேன். நன்றாகவே அழுதேன், அடக்கவில்லை. பந்தி பந்தியாக நான் சொல்லிச் சிரித்த கதையில் நான்தான் உயிர் பிழைத்து உட்கார்ந்திருக்கிறேன். இவனோ மென்று விழுங்கிவிட்டு எல்லோரோடும் சிரித்திருக்கிறான். அழுது முடித்தபோது கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தெளிவாகிவிடும். இருந்த ஒரே சொத்தை ஒன்பது வயதில் எனக்காகக் கொடுத்தவன், இப்போது சொந்தக் காலையும் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று படுத்திருக்கிறான். கொடுப்பது அவனுக்குச் சுலபம். வைத்துக்கொள்வதுதான் வராது. அதை நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

“இங்க பாரு” என்றேன். “ஒனக்காக நான் எதையும் வுட மாட்டேன். நத்தையும் வுட மாட்டேன், ஒரு புழுவக்கூட வுட மாட்டேன். இருக்குற எல்லா உருப்படியையும் வச்சுக்கிட்டுத்தான் ஜெயிக்கப் போறோம். நீயும் நடக்கப் போற. அதுவரைக்கும் ஒன்னைய நான் நிம்மதியா இருக்க வுட மாட்டேன், சொல்லிட்டேன்.”

அவன் கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கை அன்றைக்கே கழற்றினேன். மெயினை அணைத்து, திருகாணியை எடுத்து, வயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். மெஷினை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

“ரூம் பாயிண்ட் என்னாச்சு?” என்றான்.

“போயிடுச்சு.”

“எப்படி?”

“நான்தான் புடுங்கிட்டேன்.”

அம்மா என்னைத் திட்டினாள், “அந்தப் புள்ளயப் போட்டு ஏன்டி வதைக்கிற? எடுத்துக் கையில குடுத்தாத்தான் என்ன?” நான் அம்மாவிடம் சொன்னேன், கிடாவை நேர்ந்தது அவள் வேலை, பிளக்கைப் பிடுங்குவது என் வேலை, அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம். அம்மா எனக்குத் தெரியாமல் மெஷினை எடுத்துப்போய்க் கொடுக்கத்தான் செய்தாள். வயர் இல்லாமல் கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு ஒத்துழைத்த ஒரே ஆள் அந்தக் கிழட்டு பேட்டரிதான்.

முதல் நாள் அவன் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. நான் ஹாலில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டி வைத்து ஆடினேன். வேண்டுமென்றே உரக்கத் தோற்றேன். “ஐயோ, மஞ்சக் குருவி போச்சே! அடடா, மரமும் போச்சே!” உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. வாக்கரில் கிடந்த துண்டு தரையில் விழும் சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவன் திரும்பிப் போய்விடுவான் என்று தெரியும். மூச்சு வாங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, வாயில் வந்த வசவையெல்லாம் நாய்க்கும் கம்பிக்கும் எனக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டு, கதவு நிலை வரை வந்தான். அங்கிருந்து சோபா வரை வந்தான். வேர்வை சொட்டியது.

“நகரு” என்றான். “என் முறை.”

நத்தைக்கு ஹாலில்தான் உயிர் வந்தது. அவன் கையில் வந்தது. கைதட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். “அதே மூஞ்சி” என்றான்.

ஹால் பழகியதும் மெஷின் சமையலறைக்குப் போனது, மிக்சி மாட்டுகிற பிளக்குக்கு. நின்றுகொண்டுதான் ஆட முடியும், அங்கே நாற்காலி போட இடம் இல்லை. முட்டி வலித்தது. வலித்தால் வாத்தியார்களின் மேல் ஆத்திரத்தைக் காட்டினான். நெருப்பு வாத்தியாரை நத்தையை வைத்து ஒரே மூச்சில் அணைத்தான். அம்மா பக்கத்தில் சட்னிக்கு மிக்சி போட முடியாமல் நின்று, யார் ஜெயித்தது என்று கேட்டாள். பிசியோக்காரர் வந்து முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு என்ன மருந்து தடவினீர்கள் என்றார்.

பிறகு கொல்லைக்குப் போனது, மோட்டார் போர்டுக்கு. அதற்கு ஒரு படி இறங்க வேண்டும். அந்த ஒரு படியில் நின்று அவன் என்னை ராட்சசி என்றான். நான் மறுக்கவில்லை. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. அங்கே கொல்லை வாசல் கல்லில் உட்கார்ந்து கடைசி நான்கு பேரில் ஒவ்வொருவரிடமும் தோற்றோம், திரும்ப வளர்த்தோம், திரும்ப மோதினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் விழுந்தார்கள். அவர்களுக்கு மேலே இருக்கும் அந்த ஒருவன் மட்டும் பாக்கி. சின்ன வயதில் நாங்கள் அவன் முகத்தைப் பார்த்ததே கிடையாது. கதவுக்கு முன்னால் ஆட்டத்தைப் பதிவு செய்தோம். அடுத்த முறை தம்பியுடையது. வெளிச்சத்தில் நிதானமாக ஆட வேண்டும், நாளைக்கு என்றான். இந்தத் தடவை அவன் சொன்ன நாளைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

விடிந்து பார்த்தால் சார்ஜர் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. கிடா கடித்திருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, மாவிலையை மெல்கிற மாதிரி வயரை மென்றுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நல்ல வேளை, சுவிட்சை அணைத்து வைத்திருந்தோம். நான் விளக்குமாற்றை எடுத்தேன். அம்மா குறுக்கே வந்து கையை விரித்தாள்.

“சாமிக்கு நேந்தது. அடிச்சீன்னா அம்புட்டுத்தான்.”

தம்பி படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கு உயிர் இல்லை. அந்த முனை உள்ள வயர் பெரம்பலூரில் கிடைக்காது என்று எங்களுக்கு முன்பே தெரியும், தேடிப் பார்த்திருந்தோம். எங்கள் ஆலையில் எலக்ட்ரிகல் செக்‌ஷன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், எதையும் பற்றவைத்துவிடுவார். மெஷினையும் துண்டான வயரையும் டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வயரைச் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் என் மேஜையிலேயே சாயங்காலம் வரை சார்ஜ் போட்டேன். பக்கத்துத் தட்டில் அன்றைக்கு வந்த மாதிரிக் கற்கள் இருந்தன. ஒன்றில் நத்தை தெரிந்தது. அரைக்க மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அரைத்தேன், அதற்குத்தான் சம்பளம்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பெரம்பலூரில் மாறி, எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது வெயில் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தம் கொஞ்ச தூரம்தான் என்று நல்ல கால் உள்ளவர்கள் சொல்வார்கள். தெரு முழுக்க வர வேண்டும், பால் சொசைட்டி தாண்டி ஒரு சின்ன மேடு ஏற வேண்டும், அதன்பிறகு தார் ரோடு. விபத்துக்குப் பிறகு எங்கள் கொல்லைப்படியைத் தாண்டி அவன் ஒரு நாளும் நடந்ததில்லை.

பஸ் நகர்ந்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு கையில் தடி. சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் அம்மா, விழுந்தால் உட்காரவைக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. அம்மாவுக்குப் பின்னால் கிடா. நான் ரோட்டைத் தாண்டாமல் அப்படியே நின்றேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பேன், ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மெதுவாகத் தாண்டிப் போனேன்.

“நடந்தா வந்த?” என்றேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

“இல்ல, பறந்து வந்தேன். சார்ஜ் இருக்கா?”

“இருக்கு.”

“கொடு. என் முறை.”

அம்மா போட்ட நாற்காலியில், பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்தான். காலை மடக்கித்தான் உட்கார்ந்தான், நான் கவனித்தேன். கதவு திறந்தது. அந்த ஒருவன் நின்றான். தம்பி எங்கள் உருப்படிகளை ஒவ்வொன்றாக விட்டான். டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், யாரோ கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், அவன் நிமிரவில்லை. நத்தையைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தான். கடைசியில் அவனிடம் ஒன்று, எங்களிடம் நத்தை. எதிரி புல்லையும் இலையையும் வீசுகிற ஜாதி, நத்தைக்கு அதுதான் எமன். ஒரே அடி. விழுந்துவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “செத்துப்போச்சா?” என்றாள் அம்மா.

“சாவாதும்மா. மயக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா எந்திரிச்சுடும்.”

தோற்றால் கை மாற வேண்டும். நான் கையை நீட்டினேன். அவன் மெஷினை மூடினான், வயரைச் சுற்றினான், இரண்டையும் என் டிபன் பையில் அவனே வைத்து ஜிப்பை இழுத்தான். தடியை ஊன்றி, அம்மா நீட்டிய கையைத் தட்டிவிட்டு, தானாக எழுந்து நின்றான்.

“இத வூட்டுல வைக்காத” என்றான். “நாளைக்கும் அரியலூருக்கே எடுத்துட்டுப் போ. சாயந்திரம் நான் இங்க வந்து வாங்கிக்கிறேன்.”